முக்கால் மணிக்கொரு முறை இரைந்து முடங்கும் லேப்டாப்: மதர்போர்டை மாற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். 2020இல் வாங்கிய லேப்டாப். இன்டெல் ஐ5-10210யு ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11. டேலி, எக்ஸெல், பிரௌசரில் ஜிஎஸ்டி தளம், இவ்வளவுதான் வேலை. காலையில் நன்றாக ஓடுகிறது. பதினோரு மணிக்கு மேல், முக்கால் மணிக்கு ஒரு தடவை ஃபேன் மிக்ஸி மாதிரி இரைகிறது. தட்டிய எழுத்து இரண்டு விநாடி கழித்துத் திரையில் வருகிறது. பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. ஒரு கடையில் ஃபார்மேட் செய்து கொடுத்தார்கள். நாலு நாள் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதைதான். இன்னொரு கடையில் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும், அந்தக் காசுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். பத்து நிமிஷம் படுத்துவிட்டுத் தானே எழுந்து ஓடுகிற கோளாறு, மதர்போர்டு போனதற்கு அடையாளமாக இருப்பது அரிது. போர்டில் ஒரு பாகம் போனால் திரை வராது, சார்ஜ் ஏறாது, நடுவில் பட்டென்று அணைந்துவிடும். இல்லையென்றால் காலை முதல் மாலை வரை ஒரே மந்தமாக இருக்கும். இரைச்சல், முடக்கம், பிறகு அமைதி என்று தாளம் போட்டு வருவது பெரும்பாலும் சூட்டின் வேலை. உங்கள் கடிதத்திலேயே அதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. காலையில் நன்றாக ஓடுகிறது, வெயில் ஏறினால் தொல்லை. வேலை பார்ப்பது பனியன் கம்பெனி. நிட்டிங் மெஷினைச் சுற்றியும் கட்டிங் மேஜையிலும் பறக்கிற பஞ்சு, ஆபீஸ் அறைக் கதவோடு நின்றுவிடாது.

ஆனாலும் ஊகத்தை நம்பி ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டாம். அதற்கு முன் ஐந்து நிமிஷச் சோதனை ஒன்று இருக்கிறது, காசு செலவில்லாதது. அதன் விடை புரிய வேண்டுமானால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

உங்கள் ப்ராசஸர் தொடர்ந்து இழுக்க வேண்டிய மின்சாரம் 15 வாட் என்று கணக்கு. கனமான வேலை வந்ததும் முதல் அரை நிமிஷம் போல அதைவிட அதிகம் இழுத்துக்கொண்டு வேகமாக ஓடும், பிறகு 15 வாட்டுக்கு இறங்கிவிடும். அந்த 15 வாட்டும் கடைசியில் சூடுதான். அதை ஒரு தட்டையான செம்புக் குழாய் லேப்டாப்பின் ஓரத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே சீப்புப் பற்கள் போல நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள் இருக்கும். ஃபேன் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி அந்தத் தகடுகளின் இடுக்கு வழியே வெளியே தள்ளும். இந்த வழியில் எங்கே தடை வந்தாலும் சூடு உள்ளேயே தேங்கும்.

இந்தச் சிப்புக்கு இன்டெல் வைத்திருக்கும் எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். கெட்டுப்போகாமல் இருக்க அதற்கு வேறு வழியில்லை. பல மாடல்களில் லேப்டாப்பின் உடம்புச் சூட்டைப் பார்க்கவும் தனியாக ஒரு சென்சார் உண்டு. அடிப்பாகம் கை சுடுகிற அளவுக்குப் போனால், ஆறும்வரை அந்த 15 வாட்டை 10க்கும் கீழே இறக்கி வைக்கும். ஆறியதும் விட்டுவிடும். மறுபடி சூடு ஏற ஆரம்பிக்கும். முக்கால் மணித் தாளம் பிறப்பது இப்படித்தான். ஃபேன் அலறுகிற அதே நேரத்தில் வேகமும் குறைவது ஏன் என்பதற்கும் இதுதான் விடை.

ஃபார்மேட் செய்ததும் நாலு நாள் நன்றாக இருந்ததும் இதோடு பொருந்துகிறது. பின்னணியில் ஓடுகிற புரோகிராம்கள் எதுவும் இல்லாததால் சுமை குறைவு, அடைத்த வழியே போதுமானதாக இருந்தது. ஒவ்வொன்றாக மறுபடி போட்டதும் பழைய நிலை. அதனால் ஃபார்மேட் பலித்ததை வைத்து விண்டோஸ்தான் கோளாறு என்று முடிவுகட்ட முடியாது.

இனி சோதனை. காலையிலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள். முடங்கிய பிறகு திறக்கப் போனால் அதுவே வர ஒரு நிமிஷம் ஆகும். தொல்லை ஆரம்பித்ததும் அதை மேலே கொண்டுவந்து இரண்டு எண்களைத் தாளில் குறியுங்கள்: யூட்டிலைசேஷன் என்று போட்டிருக்கும் சதவீதம், ஸ்பீட் என்று போட்டிருக்கும் கிகாஹெர்ட்ஸ். பக்கத்தில் பேஸ் ஸ்பீட் 2.11 என்று காட்டும். ப்ராசஸர் பெயரில் 1.60 என்றிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், இந்த மாடலில் விண்டோஸ் அப்படித்தான் காட்டும். கூடவே மணி, சார்ஜர் மாட்டியிருந்ததா, லேப்டாப் எதன்மேல் இருந்தது என்பதையும் எழுதுங்கள். மூன்று நாள் எழுதினால் போதும்.

வேகம் 3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருந்து சதவீதமும் 80, 90 என்று நின்றால், லேப்டாப் நன்றாகவே உழைக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் ஏதோ ஒரு புரோகிராம் அதற்கு வேலை கொடுக்கிறது என்று பொருள். ப்ராசஸஸ் பக்கத்துக்குப் போய் சிபியு என்ற தலைப்பைத் தட்டினால் அந்த ஆள் முதல் வரிசையில் நிற்பார்.

ஃபேன் இரைந்துகொண்டே இருக்க, வேகம் 1 அல்லது 1.3 கிகாஹெர்ட்ஸில் தவழ்ந்தால் சூடு வெளியேறவில்லை. இந்த நிலையில் சதவீதத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. விண்டோஸின் பதிப்பைப் பொறுத்து, அந்தச் சதவீதம் பேஸ் ஸ்பீடோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்படுகிறது. வேகம் பாதியாக வெட்டப்பட்டிருந்தால், ப்ராசஸர் மூச்சுத்திணறி ஓடும்போதும் 50 சதவீதம்தான் காட்டும். ‘சிபியு பாதிதான் ஓடுகிறது, அதனால் ரேம்தான் கோளாறு’ என்று கடைகளில் சொல்வது பல நேரம் இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

மூன்றாவது வகை கொஞ்சம் விசேஷமானது. வேகம் 0.4 அல்லது 0.79 என்று ஆணி அடித்தது போல நிற்கும், ஃபேனோ அமைதியாக இருக்கும். இது சூடு இல்லை. போர்டில் வேறொரு பாகம் ப்ராசஸரை மெதுவாகப் போகச் சொல்லி சிக்னல் கொடுக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது சார்ஜரை. 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 45 வாட் சார்ஜரையோ, தன்னை அடையாளம் காட்டத் தெரியாத மலிவான டூப்ளிகேட்டையோ மாட்டினால் சில கம்பெனி லேப்டாப்கள் இப்படி நடந்துகொள்ளும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பிறகு பேட்டரி கனெக்டரைப் பிரித்து (எப்படி என்பது பின்னால் வருகிறது) சார்ஜரில் மட்டும். எது இல்லாதபோது வேகம் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

இரண்டு எண்ணிலும் குறையில்லை, ஆனால் டிஸ்க் 100 சதவீதம் என்றால் கதை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில் இரண்டாவது வகைதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வந்தால், சூட்டையும் அளந்துவிடுங்கள். ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, ஆரம்பத்தில் சென்சார்ஸ் ஒன்லி என்பதை டிக் செய்து ஓட்டுங்கள். நூறு வரிகள் வரும், பயப்பட வேண்டாம். தேவை மூன்றுதான்: சிபியு பேக்கேஜ் சூடு, சிபியு பேக்கேஜ் பவர் வாட்டில், தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் எஸ்ஸா நோவா. பவர் லிமிட் எக்ஸீடட் என்று சிவப்பில் எஸ் காட்டும்; அது 15 வாட் வரம்பைத் தொட்டதைச் சொல்கிறது, கோளாறு அல்ல.

பிறகு செவன் ஸிப் மென்பொருளில் டூல்ஸ் பட்டியலில் இருக்கும் பெஞ்ச்மார்க்கைப் பத்து நிமிஷம் ஓட விடுங்கள். ஆரோக்கியமான லேப்டாப் முதல் அரை நிமிஷம் 90ஐத் தாண்டினாலும், பிறகு 15 வாட்டில் நிலைத்து, 75இலிருந்து 85 டிகிரிக்குள் அடங்கி, 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேலேயே ஓடிக்கொண்டிருக்கும். அறைச் சூடு ஒரு டிகிரி கூடினால் இதுவும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும் என்பதால், மே மாதம் ஷீட் கூரைக்கு அடியில் 90 வந்தால் பதறத் தேவையில்லை. ஆனால் 98, 100 என்று ஒட்டிக்கொண்டு வாட் 8க்கும் 9க்கும் விழுந்தால், 15 வாட்டை வெளியேற்ற வேண்டிய வழி பாதிதான் வேலை செய்கிறது.

அந்த நிலையில் காற்று வெளியேறும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். விலையுயர்ந்த கருவிகளைவிட இந்தக் கை சில நேரம் சரியாகச் சொல்லும். ஃபேன் பலமாக இரைந்தும் காற்று லேசாக வந்தால் தகடுகளின் இடுக்கு அடைத்திருக்கிறது. காற்று பலமாக வருகிறது, ஆனால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறது, உள்ளே 100 டிகிரி என்றால் ப்ராசஸரிலிருந்து செம்புக்கே சூடு போகவில்லை. தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் செம்புக்கும் நடுவில் தடவும் களிம்பு) காய்ந்திருக்கிறது அல்லது ஹீட்சிங்க் (அந்தச் செம்புக் குழாயும் தகடுகளும் சேர்ந்த பாகம்) சரியாக உட்காரவில்லை. காற்றும் பலமாக, சூடும் கையைச் சுடுகிற அளவுக்கு இருந்தால் வழியில் குறையில்லை, சுமைதான் அதிகம். ஐந்து வருஷம் திறக்காத லேப்டாப்பில் முதல் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பைச் சமதளத்தில் வைத்து நான்கு மூலையும் தரையைத் தொடுகிறதா, டச்பேட் மேலே புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புடைத்திருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டு, நீங்களே நெம்பாமல் கடையில் கொடுத்து முதலில் பேட்டரியை மாற்றுங்கள். உப்பிய பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

சுத்தம் செய்யும் வேலை ஒரு மணி நேரம். வேண்டியவை: ஸ்டார் தலை சின்ன ஸ்குரூ டிரைவர், அளவு பிஎச்0, பழைய ஏடிஎம் கார்டு, மென்மையான பெயின்ட் பிரஷ், ட்வீசர், ஒரு பல்குத்தி, 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், தெர்மல் பேஸ்ட். லேப்டாப்பை ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். அடித்தட்டின் ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டை ஸ்குரூ இருந்த இடத்தில் நெட்டை ஸ்குரூவைப் போட்டு முறுக்கினால், அது மறுபக்கம் டச்பேட் அருகே பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். ஒரு தாளில் லேப்டாப்பின் படத்தைக் கோடாக வரைந்து, எந்த இடத்து ஸ்குரூவோ அந்த இடத்தில் செல்லோ டேப்பால் ஒட்டிவிடுங்கள். ரப்பர் பாதங்களுக்கு அடியிலும் ஸ்குரூ ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் தட்டு ஒரு இடத்தில் வரவில்லை என்றால் அங்கே இன்னொன்று இருக்கிறது, இழுக்காதீர்கள். கார்டை இடுக்கில் நுழைத்து ஓரமாக நகர்த்தினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும்.

தட்டைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. வயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக் தலையை இரண்டு பக்கமும் நகத்தால் நெம்புங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் போய்விடும்.

பஞ்சு எங்கே இருக்கிறது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஃபேன் பிளேடு சுத்தமாக இருக்கிறதே என்று மூடிவிடுவார்கள். அடைப்பு அங்கே இல்லை. ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் உள்ள குறுகலான சந்தில், வெளியே இருந்து தெரியாத இடத்தில், கம்பளித்துண்டு போலப் படிந்திருக்கும். ஃபேனைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று ஸ்குரூவைக் கழற்றித் தூக்கினால்தான் கண்ணில் படும். வீட்டுத் தூசியில் இது சேர ஒன்றிரண்டு வருஷம் ஆகலாம். பஞ்சு பறக்கும் இடத்தில் சில மாதமே போதும், ஏனென்றால் நூலிழைகள் ஒன்றோடு ஒன்று பின்னிப் படலமாகிவிடும். அந்தப் படலத்தை ஊதாதீர்கள், ட்வீசரால் உரித்து எடுங்கள். மீதியைப் பிரஷால் தள்ளுங்கள்.

கடைகளில் லேப்டாப்பைத் திறக்காமலே வெளித்துளையில் ப்ளோயரை வைத்து அடிப்பது வழக்கம். அதில் இரண்டு கேடு. படலம் தகடுகளிலிருந்து விலகி ஃபேன் பக்கம் விழும், நாலு நாளில் காற்று அதை மறுபடி அங்கேயே கொண்டுபோய் ஒட்டும். இரண்டாவது, ப்ளோயரின் காற்றில் ஃபேன் தன் சக்திக்கு மீறிச் சுற்றி பேரிங் தேயும். சுழலும் ஃபேன் டைனமோ போல மின்சாரத்தையும் எதிர்ப்பக்கம் அனுப்பும். ப்ளோயர் பிடித்தே ஆக வேண்டுமானால் பல்குத்தியை பிளேடுக்கு நடுவில் நுழைத்து நிறுத்திவிட்டு, சின்னச் சின்னதாக அடியுங்கள்.

ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். சொரசொரவென்று உணர்ந்தாலோ, லேப்டாப்பைச் சாய்க்கும்போது சத்தம் மாறினாலோ பேரிங் போய்விட்டது. புது ஃபேன் போடுங்கள்; பழையதின் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரையும், வயர் எந்தப் பக்கம் வருகிறது என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். மதர்போர்டு விலைக்கு முன்னால் இது சில்லறை. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சத்தம் நிற்கும் என்று சொல்வார்கள். நிற்கும், கொஞ்ச நாளைக்கு. பிறகு அது பிசினாகி, பஞ்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

தெர்மல் பேஸ்ட்டைப் பொறுத்தவரை, தூசி எடுத்த பிறகு முதலில் மூடி, அதே பத்து நிமிஷப் பெஞ்ச்மார்க்கை ஓட்டிப் பாருங்கள். 15 வாட்டில் 85க்குள் அடங்கிவிட்டால் பேஸ்ட்டைத் தொட வேண்டாம். அடங்கவில்லை என்றால் ஹீட்சிங்கைக் கழற்றலாம். அதன் ஸ்குரூக்கள் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது 1லிருந்து. ஒரே ஸ்குரூவை முழுதாக முறுக்காமல் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் மூடியில்லாத அந்தக் கண்ணாடி போன்ற சிப்பின் மூலை உடைந்துபோகும். அப்படி உடைந்தால்தான் உண்மையிலேயே மதர்போர்டு மாற்ற வேண்டி வரும், ஏனென்றால் இந்த ப்ராசஸர் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது.

பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரினும் தண்ணீரும் இருக்கிறது. புதியதை அரிசி அளவு வைத்து, சிப் முழுவதையும் மூடும்படி மெல்லிய படலமாகத் தடவுங்கள். டெஸ்க்டாப்புக்குச் சொல்வது போல நடுவில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகக்கூடாது. இங்கே மேலே உலோக மூடி கிடையாது, மூலையில் பேஸ்ட் எட்டாவிட்டால் அந்த இடமே கொதிக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ட்யூபில் கிடைக்கும் வெள்ளைக் கலவை லேப்டாப்புக்குப் போதாது, சீக்கிரம் காய்ந்துவிடும். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 போன்ற மின்சாரம் கடத்தாத பேஸ்ட் போதும். 4 கிராம் ட்யூப் பல தடவைக்கு வரும். ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட் கிடைத்தால் இன்னும் நல்லது, 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவி, பேஸ்ட் போல ஓரத்துக்குப் பிதுங்காமல் நிற்கும். லிக்விட் மெட்டல் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள். அதில் இருக்கும் கேலியம் அலுமினியத்தை அரிக்கும், சிந்தினால் ஷார்ட் ஆகும். ஹீட்சிங்கில் பஞ்சு போன்ற தெர்மல் பேட் ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள், அதற்குப் பதில் பேஸ்ட் தடவினால் இடைவெளி நிரம்பாது.

கூலிங் பேட் வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். வழி அடைத்திருக்கும்போது அடியில் எத்தனை ஃபேன் வைத்தாலும் பயன் சொற்பம். பின்பக்கத்தை இரண்டு பாட்டில் மூடிகள் வைத்து 2 சென்டிமீட்டர் தூக்கிவிட்டால் அதே பலன் கிடைக்கும். காற்று உறிஞ்சும் துளைக்கு மேல் பஞ்சு வராமல் இருக்கத் துணி கட்டுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் நாலு மாதத்துக்கு ஒரு முறை தட்டைக் கழற்றி உரித்துவிடுவது மேல்.

இனி முதல் வகை, அதாவது யாரோ வேலை கொடுக்கும் வகை. உங்கள் மாதிரி கணக்கர்களிடம் இது வரும் இடங்கள் குறைவு. ஒன்று, டேலியின் டேட்டா ஃபோல்டரை கூகுள் டிரைவ் அல்லது ஒன் டிரைவில் அப்படியே இணைத்து வைப்பது. ஒவ்வொரு வவுச்சர் போடும்போதும் அந்தக் கோப்புகள் மாறும், சிங்க் புரோகிராம் ஒவ்வொரு தடவையும் அவற்றைப் படித்து மேலே அனுப்பும். ஆன்டிவைரஸும் அதைத் தொடர்ந்து போய்ச் சோதிக்கும். வேகம் மட்டுமல்ல, கணக்கே பழுதாகும் அபாயம் இருக்கிறது. டேலியில் பேக்கப் எடுத்து, அந்தப் பேக்கப் கோப்பை மட்டும் டிரைவ் ஃபோல்டரில் போடுங்கள்.

ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள் என்ற பெயர் மேலே நின்றால் அது விண்டோஸ் டிஃபெண்டரின் ஸ்கேன். விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர் என்றால் அப்டேட். இரண்டையும் எண்ட் டாஸ்க் கொடுத்து நிறுத்துவதில் அர்த்தமில்லை, நாளைக்கு மறுபடி வரும். வாரத்துக்கு ஒரு இரவு சார்ஜர் மாட்டி, ஸ்லீப் ஆகாமல் ஓட விட்டுவிட்டுப் போனால், பகலில் தொந்தரவு குறையும். ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, 3பிக்கு 20ஆம் தேதி என்றால் அதற்கு முந்தைய வாரத்தில் இதை முடித்துவிடுங்கள்.

ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். ஃபேன் இரைகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்த சில விநாடிகளில் அமைதியாகிவிடுகிறது, மூடியதும் மறுபடி இரைகிறது என்றால் உஷார். ரகசியமாகக் கிரிப்டோ காசு தோண்டும் சில வைரஸ்கள் டாஸ்க் மேனேஜர் திறந்ததைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும். ஃபார்மேட் செய்த கடையில் லைசென்ஸ் இல்லாத ஆபீஸை ஆக்டிவேட்டர் போட்டுக் கொடுத்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும், ஏனென்றால் அவை நுழையும் வழக்கமான வாசல் அதுதான். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்னாலேயே தேடும். கால் மணி நேரம் ஆகும்.

டிஸ்க் 100 சதவீதம் என்ற வகைக்கு வருகிறேன். 256 ஜிபி எஸ்எஸ்டியில் 30 ஜிபிக்கும் குறைவாக இடம் இருந்தால் முதலில் அதைக் காலி செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதென்றால் 8 ஜிபி போதவில்லை. அதே பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்ட் என்ற வரி 1 ஆஃப் 2 என்று சொன்னால் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 லேப்டாப் ரேம் போடலாம். 3200 என்று எழுதியதை வாங்கினாலும் இந்த ப்ராசஸரில் 2666இல்தான் ஓடும், கோளாறில்லை. சத்தம் ஃபேனுடையது இல்லை, டிக் டிக் என்று ஹார்ட் டிஸ்க் பக்கம் வருகிறது என்றால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், டிஸ்க்கின் கெட்டுப்போன இடங்களைச் சொல்லும் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். சி5 பூஜ்யமாக இல்லாவிட்டால் அன்றைக்கே டேட்டாவை வேறிடத்துக்கு மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

புதிது வாங்குவது பற்றி. உங்கள் ப்ராசஸர் விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட பட்டியலில் இருக்கிறது. டேலிக்கும் எக்ஸெலுக்கும் இதன் வேகம் தாராளம். சுத்தம் செய்து, வேண்டுமானால் பேஸ்ட் மாற்றி, பத்து நிமிஷச் சோதனையில் 15 வாட், 85 டிகிரி வந்துவிட்டால் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. இவ்வளவும் செய்த பிறகும், வேறு நல்ல சார்ஜரில் ஓட்டியும், வேகம் 0.79இல் ஆணி அடித்தே நிற்கிறது என்றால் அப்போது போர்டைச் சந்தேகப்படலாம். அதற்கும் போர்டை மாற்றும் கடைக்குப் போகாமல், பழுதான பாகத்தை மட்டும் மாற்றும் சிப் லெவல் வேலை செய்யும் கடைக்குப் போங்கள். ‘போர்டு போய்விட்டது’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு வராதீர்கள். எந்த லைனில் எவ்வளவு வோல்ட் வருகிறது, எந்த ஐசி சந்தேகம் என்று கேளுங்கள். மீட்டர் வைத்துப் பார்த்தவருக்கு அதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது.